பாணன் பாடாமல் திரும்பிய அன்று

நான் சொல்லி முடிக்கும்வரை யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அவசரப்பட்டால் பரிசு தப்பான ஆளுக்குப் போய்விடும்.

முன்னொரு காலத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கொற்றன் என்ற படகோட்டியும் அவன் மனைவி வெண்கோதையும் வாழ்ந்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்குக் கொள்ளை ஆசை. ஆனால் கொற்றனிடம் ஒரு குணம். 'சொன்ன சொல்லை மறந்துவிடுகிறீர்களே' என்று அவள் கேட்டுவிட்டால் போதும், பதில் பேசாமல் படகேறிப் போய்விடுவான். மூன்று நாள் ஆள் இருக்கும் இடம் தெரியாது. அவள் அன்னம் தண்ணீர் இல்லாமல் கிடப்பாள்.

கோபித்துப் போன கணவன் நேரே வீடு திரும்புவது அந்த ஊரில் கேவலம். முதலில் ஒரு பாணனை அனுப்ப வேண்டும். அவன் வாசலில் யாழ் மீட்டிப் பாடுவான். மனைவி மனமிரங்கிக் கதவைத் திறந்துவிட்டால், நடந்த சண்டையைப் பற்றி அப்புறம் யாரும் பேசக் கூடாது. கொற்றனுக்காக மதங்கன் என்ற பாணன் பதினோரு முறை பாடினான், பதினோரு முறையும் கதவு திறந்தது. பத்து நாள் தேனாக இனிக்கும். பிறகு மறுபடியும் படகு.

பன்னிரண்டாம் முறை வெண்கோதை முடிவு செய்துவிட்டாள். இதுவும் பழையபடியே முடிந்தால் அக்காள் ஊருக்குப் போய்விடுவது, திரும்பி வருவதில்லை.

மதங்கன் வந்தான். யாழை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

"நான் பாடிப் பாடித்தான் உங்க சண்டை தீராம இருக்கும்மா. இனிமே இந்த வாசல்ல பாட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். பாடாத பாணனை நாலு வீட்டில் கூப்பிட மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் போனான். அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்வது!

ஒரு பாணன் மறுத்த வாசலில் இன்னொருவன் பாடுவதில்லை. ஆகவே கொற்றன் தானே வந்தான், பட்டப்பகலில், தெருவே கூடி நின்று சிரிக்க. சாத்திய கதவைப் பார்த்துப் பேசினான்.

"கோதை, நீ சொல்றது நியாயம்னு தெரியும். அதைக் கேக்கப் பயந்துதான் ஓடிப்போறேன். தப்பு என்மேலதான்."

உள்ளே அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது. இந்த ஒரு சொல்லுக்காக ஐந்து வருஷம் ஏங்கியவள் அவள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கையை எடுத்துக்கொண்டாள்.

"கேட்டுக்கிட்டேன். ஆனா இன்னைக்குத் திறக்க மாட்டேன். நாளைக்கும் வாங்க. எல்லாத்தையும் பேசி முடிப்போம், அப்புறம் திறக்கிறேன்."

ஒன்பது நாள் அவன் வெளியே, அவள் உள்ளே, நடுவில் கதவு. எதை மறந்தான், ஏன் மறந்தான், அவளுக்கு எங்கே வலித்தது என்று ஒன்று விடாமல் பேசினார்கள். பத்தாம் நாள் திறந்தாள். அடுத்த மாதம் மறுபடி சண்டை வந்தது. கொற்றன் எழுந்து வாசல்வரை போனான், திரும்பி வந்து அவள் எதிரே உட்கார்ந்தான்.

இதைக் கேள்விப்பட்ட ஊர்த்தலைவன் ஒரு பொற்றாமரையைப் பரிசாக எடுத்து வைத்தான். இப்போது சொல்லுங்கள், மூவரில் அது யாருக்கு?

மதங்கன் பெரிய மனசுக்காரன்தான், ஆனால் அவன் விட்டது தனக்கே சலித்துப்போன பாட்டை. கொற்றனையும் மெச்ச வேண்டும், ஆனால் வேறு வழி அடைபட்ட பிறகுதான் அவன் வந்தான். வெண்கோதைக்கு எந்த வழியும் அடைபடவில்லை. ஆசைப்பட்டவன் வாசலில் நின்றான், ஏங்கிய சொல்லும் காதில் விழுந்தது, தாழ்ப்பாளை இழுக்க வேண்டியதுதான் பாக்கி. பொற்றாமரை அவளுக்கே. அன்று அவள் திறந்திருந்தால், அவன் பேச்சும் பன்னிரண்டாவது பாட்டாகத்தான் போயிருக்கும்.