மஞ்சக்காலி எழுதிய தப்புக் கையேடு

எதையாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று மஞ்சக்காலிக்கு எப்போதும் பயம். அவள் ஏரிக்கரையில் வாழ்ந்த ஓர் ஆட்காட்டிக் குருவி. பொழுது விடிந்துவிட்டது என்று சொல்வதற்குக்கூட இரண்டு முறை கிழக்கே பார்ப்பாள். படிப்பும் குறைவு. கொக்கு வாத்தியாரிடம் மூன்று நாள் போனாள். மூன்றாம் நாள் வாத்தியார் பெயர் கூப்பிட்டுக்கொண்டே அவள் பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த கெண்டை மீனை விழுங்கிவிட்டார். அதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள்.

அந்த ஏரிக்கரையில் ஒரு மருதமரம். மரப்பொந்தில் ஒரு சர்வர். அதற்குள் 'ஊருணி' என்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவன் கருமுகன் என்ற குரங்கு. ஊருணிக்குக் காசும் கிடையாது, பூட்டும் கிடையாது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். மலையில் மழை பெய்தால் அங்கிருக்கும் நீர்நாய் சேதி அனுப்பும். ஊருணி அதை ஏரியைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வளைக்கும் கூட்டுக்கும் சொல்லிவிடும்.

ஆனால் அந்த சர்வர் அடிக்கடி நின்றுபோகும். அதைக் கிளப்பக் கருமுகனுக்கு மட்டுமே தெரியும். போன வருஷம் அது நின்றபோது கருமுகன் தன் அத்தைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தான். சேதி வரவில்லை, வெள்ளம் வந்துவிட்டது. மஞ்சக்காலி தரையில் இட்டிருந்த நான்கு முட்டைகளும் போயின.

இந்த வருஷமும் நான்கு முட்டைகள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் கருமுகனிடம் போனாள்.

"அண்ணே, சர்வர் நின்னுட்டா எப்படிக் கிளப்புறது?"

"கையேட்டைப் படி."

"படிச்சேன் அண்ணே. முதல் இலையில, 'எல்லாருக்கும் தெரிந்ததைச் செய்யவும்'னு இருக்கு. ரெண்டாவது இலையில, 'வாலை இடது தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கைகளாலும் அழுத்தவும்'னு இருக்கு."

"ஆமா. அதுல என்ன புரியலை?"

"தோள்ல போடுற அளவுக்கு எனக்கு வால் இல்லையே."

"அதுக்கு நான் என்ன பண்றது? உதவிக்கு வாங்க, வாங்கன்னு மரத்து மேல ஏறிக் கத்துறேன். ஒருத்தரும் வர்றதில்லை. சோம்பேறிக் காடு."

"முயல் வந்துச்சே அண்ணே. வால் தோளுக்கு எட்டலைன்னு அழுதுக்கிட்டே போயிடுச்சு."

"குறை சொல்ல வந்துட்டா. திறந்த மென்பொருள்தானே? கையேட்டை நீயே எழுதேன்!"

கேலியாகச் சொல்லிவிட்டு, மலையில் அத்தி பழுத்திருக்கிறது என்று கிளம்பிவிட்டான்.

மஞ்சக்காலி முட்டைகளைக் கணவனிடம் விட்டுவிட்டுப் பொந்துக்குப் போனாள். அங்கே மூன்று பொத்தான்கள். சரியான வழி எதுவென்று அவளுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதவும் பயம். அதனால் தான் செய்ததை அப்படியே ஒரு தேக்கிலையில் கீறி வைத்தாள்:

'சிவப்பைக் கொத்தினேன். சர்வர் நின்றது. என் உயிரும் கொஞ்சம் நின்றது. கறுப்பைக் கொத்தினேன். பச்சையைக் கொத்தினேன். சர்வர் ஓடியது. ஆனால், ஆந்தைக்கு இன்று கல்யாணம் என்று காடெல்லாம் அறிவிப்பு போய்விட்டது. மன்னிக்கவும். எது எதனால் நடந்தது என்று சத்தியமாகத் தெரியவில்லை. தப்பு இருந்தால் கீழே எழுதுங்கள்.'

சற்று நேரத்தில் மருதமரத்தடியில் கூட்டம் கூடிவிட்டது. எல்லார் கையிலும் மொய்ப் பொருள். பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த ஆந்தை, "பொண்ணு யாரு?" என்று கேட்டது.

யார் செய்த வேலை இது என்று தேடியவர்கள் இலையைப் படித்தார்கள். உடனே விருந்து மறந்துபோயிற்று.

"என்னம்மா எழுத்து இது?" என்றான் வளையப்பன் என்ற நண்டு. பொந்துக்குள் புகுந்து பொத்தான்களை அழுத்திப் பார்த்துவிட்டு வந்தான். "கறுப்பைத் தொடவே கூடாது. அதுதான் கல்யாணம் பண்ணி வைக்குது. சிவப்பு, அப்புறம் பச்சை. அவ்வளவுதான்."

"இத்தனை நாளா எங்கே அண்ணே இருந்தீங்க? கருமுகன் அண்ணன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரே" என்றாள் மஞ்சக்காலி.

"வேலை செய்யக் கூப்பிட்டா எவன் வருவான்? தப்புக் கண்டுபிடிக்கக் கூப்பிட்டா எவன் வராம இருப்பான்?"

முயல் முண்டியடித்துக்கொண்டு போய்த் தானும் அழுத்திப் பார்த்தது. "இதுவும் தப்பு. சிவப்பை அழுத்தினதும் பச்சைக்குப் போகக் கூடாது. இருபது துள்ளல் நேரம் பொறுக்கணும்" என்று எழுதியது. எருமை, "கொம்பாலும் அழுத்தலாம், மெதுவாக" என்று சேர்த்தது. பொழுது சாய்வதற்குள் பதினேழு இலைகள் சேர்ந்துவிட்டன.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் சர்வர் நின்றது. கருமுகன் இன்னும் அத்திமரத்தில் இருந்தான். பக்கத்தில் இருந்தவன் வளையப்பன் மட்டும்தான். இலையைப் பார்த்துச் சிவப்பை அழுத்தினான். அவனுக்குத் துள்ளத் தெரியாது. இருபது தடவை பக்கவாட்டில் நடந்தான். பிறகு பச்சையை அழுத்தினான்.

ஊருணி கனைத்துக்கொண்டு பேசியது: "மலையில் பெருமழை. ஏரி ஏறும்."

அன்று கல்யாணத்துக்கு வந்த கூட்டம் அப்படியே ஓடிவந்தது. ஆளுக்கொரு கூழாங்கல்லாகக் கொண்டுவந்து, மஞ்சக்காலியின் முட்டைகளுக்கு அடியில் அடுக்கினார்கள். தண்ணீர் ஏறியது, ஏறியது, முட்டைகளுக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றது. நான்கும் பிழைத்தன.

கருமுகன் தொப்பலாக நனைந்து வந்தான். "யாரு கிளப்பினது?"

"நான்தான்" என்றான் வளையப்பன். "கையேட்டைப் படிச்சேன்."

கருமுகன் பதினேழு இலைகளையும் புரட்டினான். "என் வாலைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே" என்று முணுமுணுத்தான். பிறகு, "இந்த இடம் தப்பு" என்று ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை.

குஞ்சுகள் பொரிந்தன. மஞ்சக்காலிக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. எல்லாத் தப்பும் திருந்திவிட்டால் மரத்தடிக்கு யார் வருவார்கள்? ஆகவே மாதம் ஒருமுறை, பாதுகாப்புக்காக, கடைசி இலையில் 'சர்வருக்கு நான்கு கால்கள்' என்பதுபோல யாருக்கும் கேடில்லாத ஒரு தப்பை எழுதிவைத்தாள். காடே திரண்டு வந்து திருத்தியது. அது தப்புதானா என்று இரண்டு முறை சரிபார்த்த பிறகே அவள் அதை எழுதினாள்.

தெரிந்ததைத் தனக்கு மட்டும் புரியும்படி எழுதிவைப்பவனுக்குக் கூப்பிட்டாலும் ஆள் வராது. தெரியாததைத் தெரியாது என்று எழுதி, அடுத்தவர் திருத்த இடம் விட்டுவைப்பவளுக்குக் கூப்பிடாமலே ஊர் துணைக்கு வரும்.