குரங்கின் கண்ணாடித் தொட்டியும் தலைகீழ்க் கெளுத்தியும்

ஆப்பிரிக்காவில், காங்கோ ஆறு வளைந்து ஓடும் ஒரு காட்டில் ஒரு கெளுத்தி மீன் இருந்தது, குழந்தைகளே. விரல் நீளம்தான் இருக்கும். ஆனால் அது நீந்துவதைக் கண்டால் யாரும் நின்று பார்ப்பார்கள். வயிறு மேலே, முதுகு கீழே! மிதக்கும் கட்டைகளின் அடியில் படிந்த பாசியை அப்படித்தான் மேய முடியும்.

அதே காட்டில் ஒரு குரங்கும் இருந்தது. வேறு யாரிடமும் இல்லாத பொருள் தன்னிடம் இருக்க வேண்டும் அதற்கு. மனிதர்கள் விட்டுப்போன கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தூக்கி வந்தது. நீர்நாயை ஏவிக் கெளுத்தியைப் பிடித்து அதில் போட்டது.

கெளுத்தி பகலில் கல்லிடுக்கில் ஒளிந்துகொள்ளும்.

"வருகிறவர்கள் வெறும் கல்லையா பார்ப்பார்கள்?" என்று குரங்கு கல்லை எடுத்து வீசிவிட்டது. ஒளிய இடமின்றி மூலைக்கு மூலை முட்டிக்கொண்டதில் கெளுத்தியின் மீசை ஒன்று முறிந்தது.

"என்னை ஆற்றில் விட்டுவிடு!"

"நன்றி கெட்ட மீனே! முதலை பயம் இல்லை, வேளைக்கு வேளை புழு கிடைக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?"

ஒருநாள் காலை நீர்நாய் ஓடி வந்தது. "குரங்காரே, மூங்கில் துறையில் இதைப் போலவே இன்னொன்று நீந்துகிறது!"

வெள்ளத்தில் பிரிந்துபோன தம்பியை நினைத்துக் கெளுத்திக்கு உடம்பு சிலிர்த்தது. தம்பி! தம்பி உயிரோடு இருக்கிறான்!

குரங்கின் முகமோ சுருங்கியது. "இன்னொன்றா? அப்படியானால் என் மீனுக்கு என்ன மதிப்பு? நாளைக்கே போய் அதைக் கடித்துக் கொன்றுவிடு."

"பாவம், அது என்ன தப்பு செய்தது?"

"இருப்பதே தப்புதான்! உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று சொல்லி, இன்று மாலை எல்லோரையும் அழைத்திருக்கிறேன்."

கெளுத்திக்கு ரத்தம் கொதித்தது. கல்லை எடுத்தாய், பொறுத்தேன். மீசை முறிந்தது, பொறுத்தேன். உன் பெருமைக்கு என் தம்பியின் உயிரா? இவனிடம் அழுது பயனில்லை. அந்தப் பெருமையில்தான் கை வைக்க வேண்டும்.

மாலையில் காட்டெருமையும் முள்ளம்பன்றியும் கொக்கும் வந்தன.

"தலைகீழாக நீந்தும் அதிசய மீன்! என்னைத் தவிர யாரிடமும் கிடையாது!" என்று குரங்கு மார்தட்டியது.

கெளுத்தி மெல்லப் புரண்டது. முதுகை மேலே வைத்து, எல்லா மீன்களையும் போல நீந்தத் தொடங்கியது. பழக்கமில்லாததால் உடம்பெல்லாம் வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நீந்தியது.

"எங்கே அதிசயம்?" என்றது காட்டெருமை.

கொக்கு கழுத்தை நீட்டிப் பார்த்தது. "இதுவா? இந்த மாதிரிக் கெளுத்தியை நான் தினமும் பத்து விழுங்குகிறேனே!"

எல்லோரும் சிரித்தார்கள். குரங்கு தொட்டியைத் தட்டியது, குலுக்கியது, "புரளேன்! புரளேன்!" என்று கெஞ்சியது. கெளுத்தி மசியவில்லை.

"சேற்று மீனைக் காட்டவா எங்களைக் கூப்பிட்டாய்?" என்று முள்ளம்பன்றி எழுந்துகொள்ள, மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.

"மானத்தை வாங்கிவிட்டாயே, சனியனே!" குரங்கு தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் கவிழ்த்தது.

ஆற்றுத் தண்ணீர் பட்டதுதான் தாமதம், கெளுத்தி வயிற்றை மேலே காட்டி விர்ரென்று நீந்தியது.

"ஐயோ, ஏமாந்துவிட்டேனே! நீர்நாயே, பிடி அதை!"

"கொலை செய்யச் சொன்ன வாய்க்கு இனி நான் வேலை செய்ய மாட்டேன். வேண்டுமானால் நீங்களே இறங்கிப் பிடியுங்கள்" என்று நீர்நாய் திரும்பிக்கொண்டது.

நீச்சல் தெரியாத குரங்கு கரையில் குதித்தது. "வேளை தவறாமல் உனக்குத் தீனி போட்டேனே!"

"நீ தீனி போட்டது எனக்கில்லை, உன் பெருமைக்கு!" என்று சீறிவிட்டு, கெளுத்தி தம்பியைத் தேடி மூங்கில் துறைக்கு விரைந்தது.

நீதி: பிறரிடம் இல்லை என்பதற்காகவே ஓர் உயிரை அடைத்து வைப்பது அன்பு ஆகாது.