ததேயுவுக்கு ஒரு கேக்

"என் மகன் என்னை மன்னிப்பானா, தாயே?"

கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று இஞ்ஞாசியார் கேட்டார். அறுபது வயசு. எத்தனையோ புயலைப் பார்த்த மனுசன், அன்றைக்குச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

கேட்டது ஞானப்பூவிடம். நாற்பது வயசுப் பெண். குழி வெட்டுவதும் சிலுவைகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் அவள் வேலை. கோயிலில் போய்க் கேட்க முடியாததையெல்லாம் அந்தக் கடற்கரை ஊர்க்காரர்கள் அவளிடம்தான் கேட்பார்கள். அவளும் லேசில் பதில் சொல்லிவிட மாட்டாள். மகா அழுத்தக்காரி.

"என்ன நடந்துச்சுன்னு உம்ம வாயால சொல்லும், அண்ணாச்சி."

"வானம் கறுக்குதுப்பா, திரும்பிருவோம்னான் ததேயு. எனக்குத் தெரியாத கடலான்னு அதட்டினேன். வள்ளம் கவுந்துபோச்சு. நான் கரை சேர்ந்தேன். அவன் சேரலை."

பத்தொன்பது வயசுப் பிள்ளை. உடல் கிடைக்கவே இல்லை. அவன் சட்டை ஒன்றை வைத்துக் குழியை மூடியதும் ஞானப்பூதான்.

"தெக்லா எங்கிட்ட பேசி ஏழு மாசமாச்சு. பொண்டாட்டின்னு சோறு வைக்கா, மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கா. அதைக்கூடத் தாங்கிக்குவேன். அவன் மன்னிச்சானா இல்லையான்னு தெரியாம எனக்குச் சாவும் வராது, தாயே."

ஞானப்பூ சுண்ணாம்பு மட்டையை வாளியில் முக்கினாள்.

"ஞாயித்துக்கிழமை கல்லறைத் திருநாள். செத்தவங்களுக்குப் பிடிச்ச பண்டத்தைக் குழிமேல வச்சு, வர்றவங்களுக்கெல்லாம் பங்கு வைக்கிறது நம்ம வழக்கம்லா? அவனுக்குப் பிடிச்சதை உம்ம கையாலயே செஞ்சு கொண்டு வாரும்."

"சோம்பு கேக்!" இஞ்ஞாசியார் யோசிக்கவே இல்லை. "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவன் அம்மா சுடுவா. வீடே மணக்கும்."

"சரி. சுட்டுக் கொண்டு வாரும்."

சொல்லிவிட்டாள், நோகாமல்! வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுசன் அவர். முட்டையை உடைத்தால் பாதி தரையில். குண்டானில் மணலைக் கொட்டி, அதற்குள் மாவுச் சட்டியை இறக்கி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டார். தெக்லா ஒரு மூலையில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

அடி கரிக்கட்டை, நடு பச்சை மாவு. அப்படியே தூக்கிக்கொண்டு போனார்.

ஞானப்பூ முகர்ந்து பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"என் மகனுக்கு, தாயே."

"இல்லை."

கருகிப்போனதைத்தான் சொல்கிறாள் போல என்று திரும்பி வந்தார். மறுநாள் தீயைக் குறைத்தார். சோம்பை வறுத்து, பொடித்துப் போட்டார். கேக் மெத்தென்று எழும்பி வந்தது.

"இது யாருக்கு?"

"என் மகனுக்கு."

"இல்லை."

சனிக்கிழமை சுட்டதுதான் கேக். மூடியைத் திறந்ததும் அவருக்கே நாக்கில் எச்சில் ஊறியது. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். அச்சு அசல் தெக்லா கைப்பக்குவம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

ஞானப்பூவும் ஒரு துண்டு தின்றாள். கையைத் தட்டிக்கொண்டாள்.

"நல்லாருக்கு. யாருக்கு?"

அவருக்கு வந்ததே கோபம்.

"எத்தனை தடவை கேப்பீங்க? எம் மகனுக்கு! எம் மகன் ததேயுவுக்கு!"

"இது பிடிக்கும்னு அவன் சொன்னானா?"

"சொல்லணுமாக்கும்? எனக்குத் தெரியாத மகனா?"

அன்றைக்கு வள்ளத்தில் அதட்டியதும் இதே வாய்தான்.

ஞானப்பூ மிச்ச கேக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, தோட்டத்துக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

வீட்டுக்கு வந்தார். தெக்லா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் தட்டை வைத்தார்.

"தெக்லா. இதுல என்ன தப்பு?"

அவள் கேக்கை முகர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து போய், பாத்திரப் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன அலுமினியக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். அடி கறுத்த கிண்ணம்.

"அவனுக்குச் சோம்பு வாசமே ஆகாது. கொமட்டும். அது உங்களுக்குப் பிடிச்ச கேக்கு. அவனுக்குன்னு இதுல சோம்பு போடாம தனியா சுட்டு வைப்பேன். அப்பாட்ட சொல்லிராதம்மா, வைவாருன்னு கெஞ்சுவான். அடுப்படியில ஒளிஞ்சு நின்னு திம்பான்."

ஏழு மாசத்துக்குப் பிறகு கேட்ட குரல். இஞ்ஞாசியார் தரையில் உட்கார்ந்துவிட்டார். பத்தொன்பது கிறிஸ்துமஸ். அவர் நடுவீட்டில் உட்கார்ந்து முதல் துண்டைத் தின்பார், பிள்ளை எங்கே என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை.

கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வேற என்னவெல்லாம் பிடிக்காது, அவனுக்கு?"

தெக்லா முறத்தைக் கையில் எடுத்தாள்.

"கடலு," என்றாள்.