வளர்மதியின் போனில் ஓட்டை எங்கே

திருச்சி சிங்காரத்தோப்பில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் குரு இருந்தாள். பெயர் ஜுலைகா பானு. வயது முப்பத்திரண்டு. குரு என்று சொன்னால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள்.

போனோடு கம்பெனிக்காரன் வைத்துக் கொடுக்கிற ஓஎஸ்ஸை, அதாவது போனை ஓட்டுகிற மென்பொருளை, துடைத்துவிட்டு, யாருக்கும் வேவு சொல்லாத வேறொன்றை ஏற்றித் தருவது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலையை நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தாள்.

நாலு பேரில் மூத்தவர் இன்னாசிமுத்து. ஐம்பத்து நாலு வயது. கேபிள் டிவிக்கு லைன் இழுத்துக்கொண்டிருந்தவர், முதுகு மக்கர் பண்ணவும் கம்பம் ஏறுவதை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். தன் மகள் வயதுள்ளவளை வாய் நிறைய “டீச்சர்” என்று கூப்பிடுவார். அதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. மனுஷன் கூச்சப்பட வேண்டியது வேறு இடத்தில் வந்தது.

பானுவிடம் ஒரு கண்டிப்பு உண்டு. புது ஓஎஸ் போட வேண்டுமானால் முதலில் போனின் உள்பூட்டைத் திறக்க வேண்டும். திறந்த மாத்திரத்தில் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். அதனால் படம், நம்பர் எல்லாவற்றையும் முன்னாடியே நகல் எடுத்து வைக்க வேண்டும். அந்த நகல் போன்காரர் கொண்டுவந்த மெமரி கார்டில்தான் இறங்க வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே. வேலை செய்கிறவர் கம்ப்யூட்டரில் ஒரு படம்கூடத் தங்கக் கூடாது.

“நம்ம கையில சோத்தைக் குடுக்கிறது பரிமாறத்தான். நடுவுல வாய் வைக்கிறதுக்கு இல்ல,” என்பாள்.

இன்னாசிமுத்து அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டு வைத்திருந்தார். எழுதி வைத்தால் ஆயிற்றா?

மூன்று வாரத்துக்கு முன்னால் வளர்மதி என்று ஒரு பெண் வந்தாள். மணப்பாறையில் புருஷனை விட்டுவிட்டு வந்து, புத்தூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கி, ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா வேலை பார்த்தாள். புருஷன் அவள் போனில் எதையோ ஏற்றி வைத்திருந்தான். மணப்பாறையில் இருந்தபோது ரேஷன் கடைக்குப் போய் நின்றால், “என்னடி, க்யூ ரொம்பப் பெருசா?” என்று கேட்பானாம். கிளம்பிய நாளிலிருந்து போனை அணைத்தே வைத்திருந்ததால், ஹாஸ்டல் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவனுக்கு இன்னும் தெரியாது. அது தெரியாமல் இருப்பதில்தான் அவள் உயிர் இருந்தது.

அந்தப் போனை இன்னாசிமுத்துதான் செய்தார். வளர்மதியின் கார்டு பழசு. போன மாதம் ஒரு அம்மாவின் கார்டு பாதியில் செத்து, குழந்தையின் முதல் வருஷப் படங்கள் அத்தனையும் போய், அந்த அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதது அவர் கண்ணிலேயே நின்றது. பாவம், இந்தப் பெண்ணுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாதே என்று தன் லேப்டாப்பில் ஒரு நகலை ஒதுக்கி வைத்தார். அதுவரை மனுஷன் நல்லவர்தான்.

அந்த வாரம் புதன்கிழமை சாயங்காலம் மனைவி மாதா கோயில் நவநாள் பூசைக்குப் போயிருந்தாள். நகல் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒன்றே ஒன்றைத் திறந்தார். அது குரல் பதிவு. வளர்மதி செத்துப்போன தன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அன்றன்றைக்கு நடந்ததை எல்லாம் அம்மாவிடம் சொல்லுவதுபோலச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒன்றோடு மூடியிருக்கலாம். மூடவில்லை. இருந்த பதினொன்றையும் கேட்டார்.

கேட்டுக் கேட்டு அழுதார். அழுகை பொய்யில்லை. ஆனால் ஒன்று முடிந்ததும் அடுத்ததை அமுக்கத் துடித்ததே விரல், அதுவும் பொய்யில்லை. பக்கத்து வீட்டுச் சண்டைக்குச் சுவரில் காது வைக்கிறவனுக்கு இருக்கும் ருசி அது. அன்றைக்கே நகலை அழித்தார். வேலியே பயிரை மேய்ந்த கதை யாருக்கும் தெரியாமல் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நேற்று ஏதோ ஒரு ஆப் திறக்கவில்லை என்று வளர்மதி வந்தாள். பானு கடையில் இல்லை. இன்னாசிமுத்து போனைச் சரிபண்ணிக்கொண்டே, பெற்ற மகளை விசாரிப்பதுபோல் கேட்டார்.

“காதுல இரைச்சல் நின்னுடுச்சாம்மா?”

அவள் கை தானாக இடது காதுக்குப் போனது.

“அதை நான் யாருகிட்டயும் சொல்லலையே.”

இன்னாசிமுத்து குனிந்து போனின் திரையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“அவரு அனுப்பின ஆளா நீங்க?”

அவள் போனை அவரிடமே விட்டுவிட்டு இறங்கி ஓடினாள். நாலு எட்டு வைத்தால் பிடித்திருக்கலாம். பிடித்தால் எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டுமே! அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இன்று மத்தியானம் மூன்றரை மணிக்கு ஒரு பெரிய தாளைச் சுருட்டிக்கொண்டு மாடியேறி வந்தார். பானு விளக்கடியில் வளர்மதியின் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்கண்ணே.”

“இருக்கிற ஓஎஸ்லயே எது ரொம்பப் பாதுகாப்பு?”

“யாருக்கு?”

“பொதுவாத்தான் கேக்குறேன்.”

“பொதுவா யாரும் போன் வச்சுக்கிறதில்லையே. யாருக்கு?”

அவர் தாளை விரித்தார். நாலு ஓஎஸ்ஸுக்கு நாலு வரி. ஒவ்வொன்றுக்கும் நேராகக் கட்டங்கள். அப்டேட் காலத்தோடு வருகிறதா, ஏற்றி முடித்ததும் உள்பூட்டைத் திரும்பப் போட முடிகிறதா, ஆப்களைத் தனித்தனியாக அடைத்து வைக்கிறதா, பேங்க் ஆப் திறக்கிறதா. சும்மா சொல்லக் கூடாது, அருமையான அட்டவணை.

“நல்லாப் போட்டிருக்கீங்க,” என்றாள் பானு.

“வளர்மதி போன்ல நாம போட்டது இந்த மூணாவது. அது சரியில்லையோன்னு எனக்கு ஒரு இது. முதலாவதுக்கு மாத்திடலாமா டீச்சர்? மாத்திட்டோம்னா அவங்களுக்கும் நம்பிக்கை வரும்.”

சொல்லும்போதே காது மடல் சுட்டது. வாயில்லாத ஓஎஸ் தலையில் பழியைத் தூக்கி வைக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

“காலையிலேருந்து இதைத்தான் பாத்துட்டிருக்கேன்,” என்றாள் பானு. “ஹாஸ்டல் வார்டன் அம்மா போன் பண்ணாங்க. வளர்மதி விஷயம் எப்படியோ வெளிய போயிருக்குன்னு சொன்னாங்க. பூட்டு பூட்டினபடி இருக்கு. ஒவ்வொரு ஆப்பாத் திறந்து பாத்துட்டேன். இந்தப் போன்ல ஓட்டை இல்லண்ணே.”

“எங்கயாவது இருக்கும் டீச்சர்.”

“இருக்கும்.”

அவள் ஸ்கேலை எடுத்தாள். அட்டவணையின் ஓரத்தில், கடைசிக் கட்டத்தை ஒட்டி, மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டாள். புதிதாக ஒரு கட்டம் விழுந்தது. பென்சிலை அவர் பக்கம் தள்ளினாள்.

“இதுக்கு என்ன தலைப்பு டீச்சர்?”

“நீங்கதானே அட்டவணை போட்டீங்க. நீங்களே எழுதுங்க.”

கீழே செருப்புக் கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேரம் படிந்து, ஆளும் போயாயிற்று. இன்னாசிமுத்து பென்சிலைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதுகிறவர் மாதிரி குனிந்து, கட்டத்தின் தலையில் தன் பெயரை எழுதினார். கீழே நாலு வரிக்கும் நேராக நாலு பெருக்கல் குறி போட்டார்.

பானு அந்தக் குறிகளைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“நகல் வச்சிருந்தீங்களா?”

“கார்டு பழசு டீச்சர். கெட்டுப்போயிடுமேன்னுதான். அப்புறம்... கேட்டுட்டேன். குரல் பதிவு. அவங்க அம்மாகிட்ட பேசுற மாதிரி. அந்தப் பாவி ஒரு நாள் அவங்கள என்ன பண்ணான் தெரியுமா டீச்சர், சமையக்கட்டுல வச்சு...”

பானு கையைத் தூக்கினாள்.

“நிறுத்துங்க. அதை எனக்கும் எடுத்துத் தராதீங்க.”

அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த நிமிஷமும் தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள அவளுடைய கதையைத்தான் கையில் எடுத்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

“அழிச்சிட்டேன் டீச்சர். சத்தியமா. ஒரு சுவடுகூட இல்ல. இதோட இது எனக்கும் உங்களுக்கும் நடுவுல...”

“வளர்மதி வேலையை விட்டுட்டாங்க.”

“என்னது?”

“புருஷன் ஹாஸ்டலைக் கண்டுபிடிச்சிட்டான்னு நினைக்கிறாங்க. அஞ்சரை மணி கோயம்புத்தூர் பஸ்ஸுல போறாங்களாம். அங்க அவங்களுக்கு யாரையும் தெரியாது. மூட்டை கட்டிட்டு இருக்காங்கன்னு வார்டன் சொன்னாங்க.”

இன்னாசிமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலாகப் பத்து நிமிஷம்.

“டீச்சர், நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லிடக் கூடாதா? பயப்பட ஒண்ணுமில்லன்னு?”

“சொல்லலாம். கடைப் பேரைக் காப்பாத்தப் பேசுறேன்னு நினைப்பாங்க. உங்க வாயால வந்தாத்தான் நம்புவாங்க.”

“நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்? என் பொண்ணு வயசு டீச்சர். பதினொண்ணையும் கேட்டவன்னு தெரிஞ்சா அந்தப் பிள்ளை என்னைப் பத்தி என்ன நினைக்கும்? நாளைக்கு என் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா?”

“அவங்க ரகசியம் மூணு வாரம்கூட உங்ககிட்ட நிக்கல,” என்றாள் பானு. “உங்க ரகசியத்துக்கு மட்டும் எவ்வளவு கெட்டியாப் பூட்டுப் போடுறீங்கண்ணே.”

அடி சரியான இடத்தில் விழுந்தது. இன்னாசிமுத்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். வெட்கம் என்றால் இதுவரை வேட்டி அவிழ்ந்தால் வருவது என்றுதான் நினைத்திருந்தார். இது எலும்புக்குள்ளே போய் உட்கார்ந்தது.

பிறகு எழுந்தார். சட்டையைச் சரிபண்ணிக்கொண்டார். பானு வளர்மதியின் போனை ஒரு துணிப் பையில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

“வார்டன் அம்மாவை வாசல்லயே இருக்கச் சொல்றேன். உள்ள போகாதீங்க. வெளிய நின்னு பேசுங்க.”

“என்ன சொல்லணும் டீச்சர்?”

“‘உங்க புருஷனுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க பதிவை நான் திருட்டுத்தனமா எடுத்துக் கேட்டேன்.’ அவ்வளவுதான். மூட்டையைப் பிரிக்கிறதா கட்டுறதாங்கிறதை அவங்க பாத்துப்பாங்க.”

அவர் பையை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

“டீச்சர், சொல்லிட்டேன்னா... அவங்க என்னை மன்னிச்சிடுவாங்கல்ல?”

பானு விளக்கை அணைத்தாள்.

“எடுத்ததெல்லாம் பத்தாதாண்ணே? மன்னிப்பையும் அவங்ககிட்டேருந்தே எடுத்துட்டு வரணுமா?”