அரைச் சுற்று

கோவை கணபதியில் கார் பட்டறை வைத்திருந்த ஜெசிந்தாவுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் மருதாசலம். குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. சீடருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. எதிரே இருந்த பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மருதாசலத்தின் காதில் விழும். விழாத மாதிரி போய்விடுவார். கோபப்படுவதற்குக்கூட அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

டர்போ வைத்த கார்களுக்கு அழுத்தம் கூட்டிக் குறைப்பதில் ஜெசிந்தா பேர் எடுத்தவர். டர்போ ஒன்றும் பெரிய மாயமில்லை. எஞ்சின் துப்புகிற புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். அந்தச் சுழற்சி வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். எவ்வளவு திணிப்பது என்பது ஒரு ஸ்குரூவின் கையில் இருக்கிறது. திருப்பினால் கார் பறக்கும். கூடுதலாகத் திருப்பினால் எங்காவது ஒன்று பிய்த்துக்கொள்ளும்.

அந்த ஸ்குரூவை மருதாசலம் ஒருமுறை அரைச் சுற்று திருப்பியிருந்தார்.

மகன் நவநீதனின் கார் அது. மகன் ஆசைப்பட்டுக் கேட்டான். அப்பா லேத் பட்டறைக்காரர், ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவரா? ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில், இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே செய்த வேலை. அழுத்தத்தைக் கூட்டினால் காற்றுக் குழாயைப் பிடித்திருக்கிற கிளாம்ப்பையும் இறுக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. புதிதாக இந்த வேலையில் கை வைக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான்.

அந்த வாரமே பைபாஸில் குழாய் கழன்றது. கார் இழுக்கவில்லை. நவநீதன் ஓரங்கட்டினான், பானட்டைத் தூக்கினான், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தான். ஒரு லாரி காரின் வலப்பக்கக் கண்ணாடியையும் அவனையும் அடித்துக்கொண்டு போயிற்று. காரில் வேறு ஒரு கீறல்கூட இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மருதாசலம் அந்தக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் வந்தார். ஜெசிந்தா குழாயை அதன் இடத்தில் செருகினார், கிளாம்ப்பை இறுக்கினார், கையைத் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவுதானுங்களா அம்மணி?"

"இவ்வளவுதானுங்கண்ணா. ரெண்டு நிமிச வேலை."

மருதாசலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலையில் மறுபடியும் வந்து, தனக்குத் தொழில் கற்றுத்தர வேண்டும் என்றார். இந்த வயதில் எதற்கு என்று ஜெசிந்தா கேட்டார்.

"அந்த அரைச் சுத்து நான் திருப்பாம இருந்திருந்தா அவன் இருந்திருப்பானுங்களா? அது எனக்குத் தெரியோணும்."

ஜெசிந்தா ஒரு பிடி பனியன் வேஸ்ட் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்து, மூலையில் கிடந்த எஞ்சினைத் துடைக்கச் சொன்னார். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. மருதாசலம் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை பதிலாக வந்தது. வேலை நன்றாகவே படிந்தது. ஆனால் படியப் படிய வலி கூடிக்கொண்டே போனது. எந்த இடத்தில் எதை இறுக்கியிருந்தால் அந்தக் குழாய் நின்றிருக்கும் என்பது இப்போது அவருடைய விரல்களுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? ராத்திரி படுத்தால் விரல்கள் தானாக ஒரு ஸ்குரூவைப் பின்னால் திருப்பிக்கொண்டிருக்கும்.

அந்தப் பட்டறையில் ஒரு விநோதமான வழக்கம் இருந்தது. ஓட்டிப் பார்க்கப் போன கார் வழியில் நின்றுவிட்டால், ஜெசிந்தா பானட்டைத் திறக்கமாட்டார், யாரையும் திறக்கவும் விடமாட்டார். இடப்பக்கமாக இறங்க வேண்டும். ரோட்டோர இரும்புத் தடுப்பைத் தாண்ட வேண்டும். முள்செடிக்குள் நின்றுகொண்டு இழுவை வண்டிக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு ஸ்குரூடிரைவரில் முடிகிற காரியத்துக்கு எறும்புக்கடி வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். மருதாசலம் வாய் திறந்து கேட்டதில்லை. ரோட்டோரத்தில் தூக்கிய பானட்டைத் தன் கண்ணில் காட்டக் கூடாது என்றுதான் இந்தப் பெண் இப்படிச் செய்கிறது என்று நினைத்துக்கொண்டார். உள்ளுக்குள் நன்றியாக இருந்தார்.

அப்படி இருக்கையில் மகள் மிருதுளாவுக்குச் சரவணம்பட்டியில் வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போய் வந்தவள் ஒரு நாள் காரின் சாவியைக் கேட்டாள். அண்ணன் கார்தானே அப்பா, சும்மாதானே நிற்கிறது என்றாள். மருதாசலத்தால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. வீட்டில் காரை மூடியிருந்த தார்ப்பாயை உருவி, அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

"இந்தக் கார்ல இருக்கிற வேகத்த எல்லாம் எடுத்துடோணுமுங்கம்மணி."

"நீங்களே எடுங்கண்ணா" என்றார் ஜெசிந்தா.

மருதாசலம் ஸ்குரூவைப் பின்னால் திருப்பினார். அந்த அரைச் சுற்று வந்தது. நிறுத்தவில்லை. இனித் திரும்பாது என்கிற மட்டும் திருப்பிவிட்டு இருவரும் பைபாஸில் ஓட்டிப் பார்த்தார்கள். மிதித்ததும் டர்போ அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டரின் முள் பாதி வரைக்கும் ஏறி நின்றது.

"இன்னும் ஏறுதுங்களே."

"ஸ்குரூ ஏத்தறதுக்குத்தானுங்க. அதுக்குக் கீழ ஒரு ஸ்பிரிங்கு இருக்குது. அது குடுக்கற அழுத்தத்த ஸ்குரூவால ஒண்ணும் பண்ண முடியாது."

பட்டறைக்குத் திரும்பியதும் மருதாசலம் ஒரு துண்டுக் கட்டுக்கம்பியை எடுத்தார். உபரிப் புகையை வெளியே விடுகிற சின்னக் கதவு ஒன்று டர்போவில் இருக்கிறது. அது எப்போதும் திறந்தே கிடக்கும்படி இழுத்துக் கட்டினார். இனி விசிறி சுற்றாது, காற்று திணியாது. எந்த மெக்கானிக்கும் செய்யக் கூசுகிற வேலை. ஜெசிந்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுபடியும் பைபாஸ். மருதாசலம் ஓட்டினார். முள் அசையவே இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. முன்னால் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. மேம்பாலத்துக்கு ஏறுகிற மண்கரையில் அதைத் தாண்ட வலப்பக்கம் ஒடித்து மிதித்தார். கார் முனகியது, வேகம் ஏறவில்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. பின்னால் ஹாரன் அலறியது. கண்ணாடி முழுக்க லாரியின் முகம். மிதியைத் தரையோடு அழுத்தினார். கார் அதே நடைதான் நடந்தது. டிராக்டர்காரன் பார்த்துப் பிரேக் போட்டு வழி விட்டதால் எப்படியோ ஓரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

லாரி உரசிக்கொண்டு போன காற்றில் கார் ஆடியது. மருதாசலத்தின் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. வேகம் இருந்த காரும் கொல்லும், வேகம் இல்லாத காரும் கொல்லும் என்றால், பெற்ற பெண்ணுக்கு எந்தக் காரைக் கொடுப்பது?

இடப்பக்கமாக இறங்கினார்கள். ஜெசிந்தா தடுப்பைத் தாண்டினார். மருதாசலம் தாண்டவில்லை. காரின் முன்பக்கம் போய்ப் பானட்டில் கை வைத்தார்.

ஜெசிந்தா எட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். இந்தப் பக்கம் வந்து விழுகிற அளவுக்கு இழுத்தார்.

"ஒரு கம்பியத்தானுங்கம்மணி அறுக்கோணும். ரெண்டு நிமிசம்."

"தெரியுமுங்கண்ணா. ரெண்டு நிமிசம்தான்."

அடுத்த லாரி போனது. அதற்கடுத்ததும் போனது. மருதாசலம் முள்செடிக்குள் நின்றுகொண்டு காரையே பார்த்தார். அவர் கண் பானட்டில் இல்லை. காரின் வலப்பக்கத்தில், ரோட்டில், ஒரு ஆள் குனிந்தால் நிற்கிற இடத்தில் இருந்தது.

"எனக்காகத்தானுங்க இப்படி வந்து நிக்கறதுன்னு நெனச்சிருந்தேன்."

"இல்லீங்கண்ணா. எங்கப்பா லாரி ஓட்டுனவரு. நான் சைக்கிள் ஓட்டறப்பவே இத அடிச்சுச் சொல்லிக்குடுத்தாரு."

மருதாசலம் தடுப்பின் இரும்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அவனுக்கு ஸ்குரூ திருப்பக் காட்டிக்குடுத்தேன். எங்க நிக்கறதுன்னு காட்டிக்குடுக்கலீங்களே."

ஜெசிந்தா இழுவை வண்டிக்குப் போன் செய்தார். எந்த மேம்பாலம் என்று அடையாளம் சொன்னார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இத்தன நாளா உங்கள அதையேதான கேட்டுட்டு இருந்தேன். அன்னைக்கே இதச் சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி."

"அன்னைக்குச் சொல்லி யாரக் காப்பாத்தறதுங்கண்ணா. இன்னைக்குத்தான உங்க பாப்பா சாவி கேட்டிருக்குது."