கூத்தபிரானின் காலிக் கூடை

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார். பாயசத்தில் முந்திரி குறைந்தால்கூட யார் எடுத்தது என்று விசாரணை வைக்கிற அளவுக்குச் சந்தேகப் பிராணி. ஒருநாள் நகர்வலத்தில் அவர் குதிரை வாழைப்பழத் தோலில் வழுக்கி, அரசரும் தெருவில் விழுந்தார். அன்றே உத்தரவு போட்டார். இனி ஒவ்வொரு வீட்டாரும் காலையில் குப்பையைக் கூடையில் போட்டு வாசலில் வைத்துக் காட்ட வேண்டும்.

வாசலுக்கு வாசல் கூடை நிரம்பி வழிந்தது. அரசவை விகடன் கூத்தபிரான் வீட்டுக் கூடை மட்டும் ஒரு மாதமாகக் காலி. அவனைக் கண்டாலே வயிறு எரிகிற அமைச்சர் நரலோகருக்கு இது போதாதா? குப்பை இல்லையென்றால் அங்கே சமையலே நடக்கவில்லை, சோறு அரண்மனை மடைப்பள்ளியிலிருந்துதான் திருட்டுத்தனமாகப் போகிறது என்று அரசர் காதில் போட்டார். அரசருக்கு உடனே முந்திரி நினைவு வந்தது.

"கூத்தபிரானே, மூன்று நாளில் உம் வீட்டுக் குப்பையைச் சபைக்குக் கொண்டு வாரும். கூடை காலியாக வந்தால் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய்விடும்" என்றார்.

இரண்டு நாள் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. கூத்தபிரான் மனைவி பூங்கோதை அழாத குறைதான்.

"எதைத்தான் கொண்டுபோவீர்கள்? காய்த்தோலும் கழுநீரும் பசுவுக்கு. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு. சாம்பல் பாத்திரம் தேய்க்க. கிழிந்த வேட்டி விளக்குத் திரிக்கு. சாப்பிட்ட இலைகூட எருக்குழிக்குப் போய்விடுகிறது. வேண்டுமென்றே வீணாக்க எனக்குக் கை வராது" என்றாள்.

அப்போது பரண்மேல் யாரோ தும்மினார்கள்.

மூன்றாம் நாள் மாட்டுவண்டியில் ஒரு பெரிய கூடை சபைக்கு வந்தது. மூடிய துணியை விலக்கினால் உள்ளே ஓர் ஆள் குந்தியிருந்தான். நரலோகர் வேவு பார்க்க அனுப்பிய ஒற்றன்!

"அரசே, மூன்று நாளாக இது என் பரணில் கிடந்தது. பசு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாத்திரம் தேய்க்கவும் உதவவில்லை. என் வீட்டில் எதற்கும் பயன்படாதது இது ஒன்றுதான்" என்றான் கூத்தபிரான்.

அரசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒற்றனைக் குடைந்து குடைந்து கேட்டார். மடைப்பள்ளியிலிருந்து ஒரு பருக்கைகூட வரவில்லை என்று அவன் ஒப்புக்கொண்டான். சட்டியிலிருந்து தான் திருடித் தின்ற துவையல் வெறும் தோலில் அரைத்தது என்று மறுநாள்தான் தெரிந்தது என்பதையும் சொன்னான். ருசி எப்படி என்று அரசர் விசாரித்தார். அவன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"எல்லாவற்றையும் பார்த்தாய் அல்லவா? அதே முறையை நம் மடைப்பள்ளியில் நடத்திக்காட்டு. இனி அங்கே நீதான் மேற்பார்வை" என்றார் அரசர். ஒற்றன் கூடையிலிருந்து குதித்து ஓடினான்.

நரலோகர் விடுவாரா? "அரசே, இப்போது கூடை காலி. தங்கள் உத்தரவுப்படி இவன் நாட்டைவிட்டுப் போக வேண்டும்" என்றார்.

அரசர் கூடையைப் பார்த்தார். அமைச்சரைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அந்தக் குறை எதற்கு, நரலோகரே? நீர் ஏறி உட்காரும்" என்றார்.

கூத்தபிரானுக்கு இரண்டு கறவைப் பசுக்கள் பரிசாகக் கிடைத்தன. சபை கலைந்தது. நரலோகரை இறங்கச் சொல்லத்தான் அன்று யாருக்கும் நினைவு வரவில்லை.