மூணு நாள் வேண்டாம்னு சொன்ன மரியாதை

ஒரு ஊர்ல, ஊர்னா கடலோரத்து ஊர்ல, கப்பலுக்குப் பாய் தைக்கிற பூவாயின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஒரே மக, மரிக்கொழுந்து. அந்தப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு, போகும்போது நாக்குல இருந்த ருசியையும் தூக்கிட்டுப் போயிருச்சு. சோறு குடுத்தா மண்ணுங்கும், பாலு குடுத்தா மண்ணுங்கும், தேன் குடுத்தாலும் மண்ணுங்கும். பிள்ளை நூலா இளைச்சுப் போச்சு. பெத்த வயிறு என்ன பாடுபடும், நீயே சொல்லு!

அப்போ வைத்தியர் சொன்னாரு, "ஏழு கடல் தாண்டிப் பனித்தீவு இருக்கு தாயி. போன ருசியைத் திருப்பிக் கொண்டாற பழம் அங்க இருக்கு. ஆனா அந்த ஊரு ராணி, தன்கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டவங்களுக்குத்தான் அதைக் குடுப்பா"ன்னு. "ஒரு வாய்தானே, சாப்பிட்டுட்டாப் போச்சு"ன்னு பூவாயி பிள்ளையைத் தங்கச்சி வீட்ல விட்டுட்டுக் கப்பல் ஏறிட்டா.

கப்பல்ல சமைக்கிறவன் மாசானம்னு ஒருத்தன். தீவுக்கு முன்னாடியே போயிட்டு வந்தவன். பேச்சுல சர்க்கரை, வயிறு மட்டும் பானை.

போனாங்க, போனாங்க, போய்க்கிட்டே இருந்தாங்க. கடல் தீந்து பனி வந்துச்சு, பனிக்குள்ள தீவு. கணுக்கால் தண்ணியில கல்லுப் போட்டு உக்காந்துதான் அங்க சாப்பிடுவாங்களாம். குட்டி மீன் வந்து கால் விரலைக் கொத்தும், கூசும். சாப்பாடு வந்தா எல்லாரும் கண்ணை மூடி, சாப்பாட்டுல பறக்குற ஆவி அடங்குற வரைக்கும் வாய்க்குள்ளேயே பாடுவாங்க. பெரிய சிப்பியில நீலக் கஞ்சி, அதுல வெள்ளையா என்னமோ மிதக்கும், நாம பாத்தா நடுங்கும். வாசம்? முதல் மழை வாசம்.

"சாப்பிடறியா?"ன்னு ராணி கேட்டா. பூவாயிக்குப் பசி காதை அடைக்குது. ஆனா நம்ம ஊர்க்காரி இல்லையா, கேட்ட உடனே கை நீட்டுவாளா? "இருக்கட்டும் தாயி, வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்"னா. இன்னொரு தரம் கேப்பாங்க, கையைப் பிடிச்சு உக்கார வைப்பாங்கன்னு பாக்குறா. ராணி தலையை ஆட்டிட்டு, சிப்பியைப் பக்கத்துல இருந்தவனுக்குக் குடுத்துட்டா. பக்கத்துல யாரு? மாசானம்!

"என்னண்ணே, ஒரு தரந்தானே கேட்டாங்க?"ன்னா பூவாயி.

"பயப்படாதே தங்கச்சி. இங்க நாளுக்கு ஒரு தரந்தான் கேப்பாங்க. மூணு நாளும் வேண்டாம்னு சொல்றதுதான் மரியாதை. அப்புறம் அவங்களே ஊட்டி விடுவாங்க. அதுவரைக்கும் வேற எதையும் வாயில வச்சிராதே"ன்னான் பாவி. கப்பல் நிக்கிறதே மூணு நாள்தான்!

ரெண்டாம் நாளும் "வேண்டாம் தாயி"ன்னா. அந்தச் சிப்பியும் மாசானம் வயித்துக்குள்ள போச்சு.

மூணாம் நாள். கப்பல்ல பாய் விரிச்சாச்சு. பூவாயிக்குத் தலை சுத்துது. எல்லாரும் கண்ணை மூடிப் பாடுறாங்க, அவளும் மூடினா. கஞ்சி ஆவிக்குள்ள மரிக்கொழுந்து நிக்கிறா, காய்ச்சலுக்கு முன்னாடி இருந்த மாதிரியே. "பசிக்குதும்மா, தா!"ன்னு வாயைத் திறந்துக்கிட்டு.

"சாப்பிடறியா?"

"வேண்டாம்னு சொல்லு, சொல்லு"ன்னு மாசானம் முழங்கையால இடிக்கிறான். பூவாயி ஓன்னு அழுதுட்டா. "பசிக்குது தாயி, குடு!"

குடிச்சா. முதல்ல உப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில மக உச்சந்தலை வாசம்.

"இத்தனை பசியை வச்சுக்கிட்டா ரெண்டு நாளும் வேண்டாம்னே?"ன்னு ராணிக்கும் கண்ணு கலங்கிருச்சு.

"மூணு நாள் வேண்டாம்னு சொல்றதுதான் உங்க ஊரு மரியாதைன்னு இந்த அண்ணன் சொன்னாரு."

"எங்க ஊர்ல சொல்லு ஒண்ணுதான். வேண்டாம்னா வேண்டாம்"னு ராணி மாசானத்தைப் பாத்தா. அவன் முழிச்சான். "அது வந்து மகாராணி, அது எங்க ஊரு மரியாதை, மாத்திச் சொல்லிட்டேன்"னான்.

"அடடா, உனக்கு அந்த மரியாதையைச் செய்யாம விட்டுட்டோமே! அடுத்த கப்பல் வர்ற வரைக்கும் இங்கேயே விருந்தாளியா இரு"ன்னுட்டா. அப்புறமென்ன, ரெண்டு நாள் வேண்டாம்னு சொல்லிட்டு, மூணாம் நாள் வேண்டாம்னு சொன்னப்புறம்தான் அவனுக்கு ஒவ்வொரு தரமும் ஒரு சிப்பிக் கஞ்சி. பானை வயிறு சப்பிப் போச்சு.

பூவாயி ராணி குடுத்த பழத்தோட ஊருக்கு வந்தா. பிள்ளையைப் பாத்ததும் பொலபொலன்னு கண்ணீர், பழத்து மேலேயே விழுது. மரிக்கொழுந்து ஒரு கடி கடிச்சா. மென்னா. கண்ணை விரிச்சா.

"அம்மா! உப்பா இருக்கு!"

அடுத்த கடியில "இனிக்குதும்மா, இன்னும் தா!"ன்னா.

கப்பல் கரைக்கு வந்தாச்சு, கதையும் கரைக்கு வந்தாச்சு. பசிச்சா வெக்கப்படாம கேளு கண்ணு, பசிக்குதுன்னு கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொல்லாதே.